கண்ணாடியா, தகடா, அட்டையா? 1863இல் குழந்தையைப் படம் எடுக்கப் போனால்

ஆண்டு 1863. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி மூன்றாவது ஆண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஏதோ ஒரு சிற்றூரில் ஒரு பெண். கணவன் வடக்குப் படையில் சாதாரணச் சிப்பாய். மாதம் 13 டாலர் சம்பளம், அதுவும் மாதாமாதம் ஒழுங்காகக் கைக்கு வருவதில்லை. வீட்டில் ஆறு வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று, மடியில் ஒன்று. பிள்ளைகளின் படம் ஒன்றை அவனுக்கு அனுப்ப வேண்டும், வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும். ஊரில் ஸ்டுடியோ இருக்கிறது. உள்ளே போனால் நான்கு விதமான படங்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறார்கள். அவள் எதைக் கேட்டிருக்க வேண்டும்?

பழைய படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அழகை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். அந்தக் கணக்கில் வெள்ளித் தகட்டில் எடுக்கும் டாகரோடைப்புக்கு முதலிடம், இரும்புத் தகட்டில் எடுக்கும் டின்டைப்புக்குக் கடைசி இடம். பெரியவர்கள் படம் என்றால் எனக்கும் அதில் மறுப்பில்லை. குழந்தை படம் என்றால் கேட்க வேண்டிய கேள்விகளே வேறு. எத்தனை நொடி அசையாமல் இருக்க வேண்டும்? ஆட்டம் கண்டு கெட்டுப்போனால் மறுபடி எடுப்பது எவ்வளவு எளிது? எடுத்த பிறகு எத்தனை பிரதி கிடைக்கும்? மூன்றாவது கேள்வியை வாசலில் நிற்கும்போது யாரும் பெரிதாக நினைப்பதில்லை. என் பார்வையில் முடிவு செய்ய வேண்டியதே அதை வைத்துத்தான்.

முதலில் டாகரோடைப்பை ஒதுக்கிவிடலாம். 1839இல் பாரிசில் வெளியான முறை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடிபோலத் தேய்த்து, அயோடின் ஆவி காட்டி, கேமராவில் வைத்து எடுத்து, பாதரச ஆவியில் படத்தை வரவழைப்பார்கள். ஆரம்பத்தில் நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. 1840இல் வியன்னாவின் கணிதப் பேராசிரியர் பெட்ஸ்வால் கணக்கிட்டுத் தந்த வேகமான லென்ஸும், அயோடினோடு புரோமினும் சேர்த்த பிறகு அது நொடிக் கணக்குக்கு இறங்கியது. 1841இல் ரிச்சர்ட் பேர்டு என்ற ஆங்கிலேயர் லண்டனில் உருவப்பட ஸ்டுடியோ திறந்தார். பாஸ்டனில் சவுத்வொர்த், ஹாஸ் இருவரும் நடத்திய ஸ்டுடியோவில் பெரிய மேற்கூரைச் சன்னலுக்குக் கீழே உட்காரவைத்து எடுத்த குழந்தைப் படங்கள் இன்றைக்கும் பார்ப்பவரைக் கட்டிப்போடும். இமை மயிர்கூட எண்ணலாம் போலிருக்கும்.

ஆனால் ஒரு தகட்டுக்கு ஒரே படம். பிரதி போட உதவும், கறுப்பு வெளுப்பு மாறிய நெகட்டிவ் என்று எதுவும் கிடையாது. விரல் பட்டால் படம் அழிந்துவிடும். அதனால் பித்தளைச் சட்டம், கண்ணாடி, வெல்வெட் வைத்த பெட்டி என்று ஒரு பரிவாரமே வேண்டும். முகம் தெரிய வேண்டுமானால் வெளிச்சத்துக்குத் தக்கபடி சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். 1863இல் பெரும்பாலான ஸ்டுடியோக்கள் இதைக் கைவிட்டிருந்தன. எங்காவது ஒரு பெரியவர் இன்னும் செய்கிறார் என்றாலும், மூன்று வயதுப் பிள்ளையோடு அந்தப் படியேற வேண்டாம்.

மிச்சம் இருக்கும் மூன்றும், அதாவது கண்ணாடியில் அம்ப்ரோடைப், இரும்புத் தகட்டில் டின்டைப், காகிதத்தில் அட்டைப் படம், ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறைதான் மூன்றுக்கும் அடிப்படை. அவர் காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1857இல் கையில் காசில்லாமல் இறந்தார். அவர் கண்டுபிடிப்பை வைத்துச் சம்பாதித்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

ஈரக் கொலோடியன் என்றால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. குழந்தைக்கு வரும் சிக்கல் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. கண்ணாடி அல்லது இரும்புப் பிளேட்டின் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிப் பரப்பி, இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுப்பார்கள். அந்த ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கெடு. வெயில் காலத்தில் அதுகூடக் கிடையாது. அதாவது பிள்ளையை நாற்காலியில் சரியாக உட்காரவைத்துவிட்டு ஸ்டுடியோக்காரர் இருட்டறைக்குள் போவார். அவர் பிளேட்டோடு திரும்பி வரும்போது பிள்ளை நாற்காலியில் இருக்காது. இருந்தாலும் அழுதுகொண்டிருக்கும். அதை மறுபடி சமாதானப்படுத்துவதற்குள் பிளேட் ஓரம் காய ஆரம்பித்திருக்கும்.

எடுக்கும் நேரம் நல்ல வெளிச்சத்தில் இரண்டு மூன்று நொடி. மேகம் மூடினால் பத்து நொடியும் தாண்டும். பெரியவர்களுக்குப் பின்னால் இரும்புத் தண்டு ஒன்றை நிறுத்தி, அதன் கவட்டையில் பிடரியைச் சாய்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆறு வயதுப் பையனுக்கும் அது ஓரளவு உதவும். கைக்குழந்தைக்கு அம்மாதான் ஸ்டாண்டு. அவள் நாற்காலியில் உட்கார்ந்து தலையோடு கால் துணி போர்த்திக்கொள்வாள், குழந்தையை அவள் மடியில் வைப்பார்கள். பிறகு படத்தைச் சட்டமிடும்போது முட்டை வடிவப் பித்தளை விளிம்பு மிச்சத்தை மறைத்துவிடும். சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்: குழந்தைக்குப் பின்னால் ஒரு பூப்போட்ட போர்வைக் குவியல், அதன் மடிப்பிலிருந்து வெளியே வந்து குழந்தையின் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஒரு கை, சில படங்களில் கீழே ஒரு செருப்பு நுனி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழந்தையின் காலுக்குப் பின்னால் இரும்புத் தண்டின் அடிப்பாகம் தெரிந்தாலே, அது செத்த குழந்தையை நிறுத்திவைத்து எடுத்த படம் என்று இணையத்தில் கிளப்பிவிடுகிறார்கள். அந்தத் தண்டு உயிரோடு இருப்பவர் தலை ஆடாமல் இருப்பதற்கு. ஓர் உடலின் பாரத்தை அது தாங்காது. இறந்த குழந்தைகளைப் படம் எடுக்கும் வழக்கம் இருந்தது உண்மை. கட்டிலிலோ அம்மா மடியிலோ தூங்குவதுபோலக் கிடத்தி எடுத்தார்கள். ஆனால் தூங்குகிற குழந்தைப் படம் எல்லாமும் அப்படி அல்ல. தூங்கும் குழந்தை அசையாது என்பதற்காகவே தூக்கத்தில் எடுத்த படங்களும் உண்டு.

சரி, தேர்வுக்கு வருவோம்.

அம்ப்ரோடைப் கண்ணாடியில் எடுப்பது. படத்தைக் கொஞ்சம் குறைந்த வெளிச்சம் கொடுத்து எடுத்து, பின்பக்கம் கறுப்பு வார்னிஷோ கறுப்புத் துணியோ வைத்தால் நெகட்டிவாக இருந்ததே நேர்ப்படமாகத் தெரியும். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் கட்டிங் 1854இல் இதன் ஒரு வகைக்குக் காப்புரிமை வாங்கினார். குறைந்த வெளிச்சம் போதும் என்பதால் நேரமும் குறைவு. குழந்தைக்கு அது லாபம். எடுத்த சில நிமிடங்களில் கையில் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அங்கேயே சொல்லலாம். கெட்டுப்போன கண்ணாடியைக் கழுவிவிட்டு ஸ்டுடியோக்காரர் மறுபடி பயன்படுத்திக்கொள்வார். படமும் டாகரோடைப்போல முறைத்துக்கொண்டு மினுங்காது; மென்மையாக, பாலாடை நிறத்தில் இருக்கும். கன்னத்தில் இளஞ்சிவப்புப் பொடி தொட்டுக் கொடுப்பார்கள். சிலர் அதை அளவாகச் செய்வார்கள், சிலர் கையில் பிள்ளை தெருக்கூத்து வேஷக்காரராகிவிடும்.

குறை என்னவென்றால் இதுவும் ஒற்றைப் பிரதி, அதுவும் கண்ணாடி. பெட்டிக்குத் தனிச் செலவு. தபாலில் போட்டால் முழுசாகப் போய்ச் சேருமா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

டின்டைப்பும் கிட்டத்தட்ட அதே வேலைதான், கண்ணாடிக்குப் பதிலாகக் கறுப்பு அரக்கு பூசிய மெல்லிய இரும்புத் தகடு. 1856இல் ஓஹாயோவின் கென்யன் கல்லூரிப் பேராசிரியர் ஹாமில்டன் ஸ்மித் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். படைமுகாம்களில் கூடாரம் போட்டு இதை எடுத்துத் தள்ளினார்கள். கத்தரியால் வெட்டலாம், கடிதத்தோடு உறையில் போடலாம், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குதிரையேறலாம். இருபத்தைந்து சென்ட் அல்லது அதற்கும் குறைவு. பல லென்ஸ் பூட்டிய கேமரா இருக்கும் கடையில் ஒரே நேரத்தில் நான்கு சின்னப் படங்கள் எடுத்துத் தகட்டை வெட்டிக் கொடுப்பார்கள். விரல்நகம் போன்ற குட்டிப் படங்களும் இப்படி வந்தவைதான்.

அழகில் இது பின்தங்கும். வெள்ளை என்று எதுவும் வராது, சாம்பலும் பழுப்பும்தான். குழந்தையின் வெள்ளைச் சட்டை அழுக்குத் துணிபோலத் தெரியும். இடவலம் வேறு மாறிவிடும்: கண்ணாடியில் பார்ப்பதுபோல, இடது பக்கம் எடுத்த வகிடு வலது பக்கம் இருக்கும். அம்ப்ரோடைப்பில் கண்ணாடியைத் திருப்பிவைத்துப் பார்க்க வழி உண்டு, இரும்பில் அந்த வசதி இல்லை. நாளானால் அரக்கு உரிந்து, ஓரத்திலிருந்து துரு ஏறும்.

ஆனாலும் துறுதுறுவென்ற பிள்ளைக்கு டின்டைப்பைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. நேரம் குறைவு, மறுபடி எடுப்பது மலிவு, கையோடு வாங்கிக்கொண்டு போகலாம். நாளைக் காலையில் அப்பா ரயிலேறப் போகிறார் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான்.

அட்டைப் படம் வேறு ரகம். 'கார்ட் டி விசிட்' என்று உலகம் முழுக்கப் பெயர் எடுத்தது. இரண்டரைக்கு நான்கு அங்குல அட்டையில் ஒட்டிய காகிதப் படம். 1854இல் பாரிசில் டிஸ்டேரி என்ற புகைப்படக்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய கேமராவில் நான்கு லென்ஸ். பிளேட்டைப் பாதி நகர்த்தினால் ஒரே கண்ணாடியில் எட்டுப் படம். லென்ஸ்களை ஒவ்வொன்றாகவும் திறக்கலாம். குழந்தை விஷயத்தில் இது பெரிய சங்கதி: ஒரே பிளேட்டில் பல வாய்ப்பு, ஒன்றில் தலை ஆடினால் இன்னொன்றில் நிற்கும். ஈரம் காய்வதற்குள் அத்தனையும் முடிய வேண்டும் என்பதும் உண்மை. சிற்றூர் ஸ்டுடியோ எல்லாவற்றிலும் அந்தக் கேமராவை எதிர்பார்க்கவும் முடியாது.

அட்டைப் படத்துக்கு நல்ல கெட்டியான நெகட்டிவ் வேண்டும். கெட்டியான நெகட்டிவுக்கு டின்டைப்பைவிட அதிக நேரம் வெளிச்சம் கொடுக்க வேண்டும். படம் சிறியது என்பதால் குட்டையான, வேகமான லென்ஸ் போட்டு அதில் கொஞ்சத்தை ஈடுகட்டலாம், முழுதாக முடியாது. இதனால்தான் அட்டைப் படங்களில் குழந்தையின் உடம்பு தெளிவாகவும் கை மட்டும் புகைபோலவும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். இன்னொரு தொல்லை, அன்றைக்கே படம் கிடைக்காது. முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தை நெகட்டிவின் கீழ் வைத்து வெயிலில் காயப்போட்டு, தங்கக் கரைசலில் நிறம் ஏற்றி, கழுவி, அட்டையில் ஒட்டித் தர வேண்டும். வானம் மூடிக்கிடக்கும் வாரத்தில் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். எடுத்த உடனே அம்மாவுக்குக் காட்ட முடிந்தது நெகட்டிவைத்தான். கறுப்பு வெளுப்பு மாறிய முகத்தில் பிள்ளை சிரிக்கிறதா சிணுங்குகிறதா என்று அவள் கண்டுபிடிப்பது கஷ்டம். ஸ்டுடியோக்காரர் சொல்வதை நம்பத்தான் வேண்டும். டஜனுக்கு இரண்டு மூன்று டாலர் ஆகும். சிப்பாய் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை.

இவ்வளவும் தெரிந்துதான் என் ஓட்டை அட்டைக்குப் போடுகிறேன். காரணம் அந்த நெகட்டிவ். ஒரு தடவை பிள்ளை சரியாக உட்கார்ந்துவிட்டால் போதும். அப்பாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, வீட்டு ஆல்பத்தில் ஒன்று. நெகட்டிவைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் பிரதி கிடைக்கும் என்று அட்டையின் பின்புறத்திலேயே பல ஸ்டுடியோக்கள் அச்சிட்டன. அம்மை, டைபாய்டு, தொண்டை அடைப்பான் என்று பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலத்தில் அந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த மதிப்பை 1863லேயே நடந்த ஒரு சம்பவம் நேருக்கு நேர் காட்டுகிறது. ஜூலையில் பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் ஊரில் நடந்த சண்டை முடிந்த பிறகு, ஊருக்குள் ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் வடக்குப் படைச் சிப்பாய் ஒருவரின் உடல் கிடந்தது. பெயர் தெரிய எந்த அடையாளமும் இல்லை. கையில் ஓர் அம்ப்ரோடைப், அதில் மூன்று குழந்தைகள். கண்ணாடி உடையவில்லை, உடைந்துவிடும் என்று மேலே நான் எழுதியதற்கு இது ஒரு விலக்கு. அந்தப் படம் கை மாறி, காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்க்கப் போன பிலடெல்ஃபியா மருத்துவர் ஜான் பிரான்சிஸ் பேர்ன்ஸிடம் வந்து சேர்ந்தது. இந்தக் குழந்தைகளின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

எப்படி? இருப்பது ஒரே ஒரு கண்ணாடித் துண்டு. புகைப்படத்தை அப்படியே அச்சிடும் தொழில்நுட்பம் செய்தித்தாள்களிடம் அப்போது இல்லை. அதனால் 'பிலடெல்ஃபியா இன்குவயரர்' அக்டோபர் 19ஆம் தேதி படத்தைச் சொல்லால் வரைந்தது: இரண்டு பையன்கள், ஒரு பெண், நடுவில் உயரமான நாற்காலியில் சின்னவன், இரு பக்கமும் அண்ணனும் அக்காவும், அண்ணனின் மேல்சட்டையும் அக்காவின் கவுனும் ஒரே துணியில் தைத்தவை. மற்ற பத்திரிகைகளும் அதை எடுத்துப் போட்டன. நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் ஊரில் ஃபிலிண்டா ஹியூமிஸ்டன் என்ற பெண்ணுக்கு அந்தச் செய்தி ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை வழியாகப் போய்ச் சேர்ந்தது. 154ஆவது நியூயார்க் படைப்பிரிவில் சார்ஜென்டாக இருந்த கணவர் ஏமஸுக்கு அவர் அப்படி ஒரு படம் அனுப்பியிருந்தார். கிடைத்தது, மகிழ்ச்சி என்று அவரிடமிருந்து மே மாதம் கடிதமும் வந்திருந்தது. பிறகு தகவல் இல்லை.

வார்த்தை வர்ணனையை வைத்து உறுதி செய்ய முடியாது. பேர்ன்ஸ் அதற்குள் அம்ப்ரோடைப்பை மறுபடி படம் பிடித்து அட்டைப் படங்களாக ஆக்கி வைத்திருந்தார். அதில் ஒன்று தபாலில் போர்ட்வில் போனது. நவம்பரில் ஃபிலிண்டா அதைப் பார்த்தார்: தன் பிள்ளைகள் ஃபிராங்க், ஆலிஸ், ஃபிரெட். அந்த அட்டைகள் பிறகு ஆயிரக்கணக்கில் விற்று, போர்வீரர்களின் அனாதைக் குழந்தைகளுக்காக 1866இல் கெட்டிஸ்பர்க்கில் திறந்த இல்லத்துக்குப் பணம் சேர்க்க உதவின. ஃபிலிண்டாவும் பிள்ளைகளும் அந்த இல்லத்துக்கே குடிபோனார்கள்.

கண்ணாடிப் படத்தையும் பின்னால் அட்டையாக மாற்ற முடிந்ததே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். மாற்றலாம். ஆனால் அதற்கு அசல் கையில் இருக்க வேண்டும். ஃபிலிண்டா அனுப்பிவிட்ட பிறகு அந்தப் படம் அவரிடம் இல்லை. எங்கோ தொலைவில் ஏதோ ஒரு போர்க்களத்தில் இருந்தது. தவிர, படத்தைப் படம் எடுக்கும்போது கூர்மை குறையும். அட்டைப் பிரதிகளில் குழந்தைகளின் முகம் கொஞ்சம் மொத்தையாகிவிடும்.

ஆக, அந்தப் பெண்ணுக்கு என் யோசனை இது. பெரிய இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்து அட்டைப் படம் எடுக்கட்டும். டஜன் வேண்டாம், ஆறு போதும், பிறகு வேண்டுமென்றால் நெகட்டிவ் இருக்கிறது. கைக்குழந்தையை அதே நாற்காலியில் சேர்க்க வேண்டாம். மூன்று பேரும் ஒரே நொடியில் அசையாமல் இருப்பது பிள்ளையார் பால் குடித்த கதைதான். கைக்குழந்தையை மட்டும் போர்வைக்குள் ஒளிந்த அம்மாவின் மடியில் வைத்து ஒரு டின்டைப், ஆடினால் இன்னொன்று. அதை வெட்டி அட்டையோடு அதே உறையில் போட்டுவிடலாம். அம்ப்ரோடைப் வீட்டை விட்டு வெளியே போகாத படத்துக்கு மட்டும், அதுவும் கையில் காசு இருந்தால். பிள்ளைக்கு மூன்று வயதாகவில்லை, பணமும் இல்லை, ஒரே ஒரு படம்தான் முடியும் என்றால் தயங்காமல் டின்டைப். பிரதி இல்லாத தெளிவான படம் ஒன்று, புகை மூட்டமாக வந்த ஆறு பிரதிகளைவிட மேல்.

இருபது வருடம் காத்திருக்க முடிந்தால் இந்தக் குழப்பமே இல்லை. 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தொடங்கிவைத்த ஜெலட்டின் உலர் பிளேட் 1880களில் கடைச் சரக்காகிவிட்டது. முன்கூட்டியே தயாராக இருக்கும், காயுமே என்ற பயம் இல்லை, ஒரு நொடியில் ஒரு பங்கே போதும். சிரிக்கிற குழந்தைகள் படத்தில் அதிகமாகத் தென்பட ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான். ஆனால் குழந்தை அதுவரை குழந்தையாக இருக்காதே.

போகும் நேரம், உடுத்தும் துணி இரண்டையும் சொல்லிவிடுகிறேன். காலை பத்துக்கு மேல் பிற்பகல் இரண்டுக்குள் போக வேண்டும். வெளிச்சம் அப்போதுதான் முழுசாக இருக்கும். கொலோடியனுக்கு நீலம்தான் கண்ணில் படும், சிவப்பும் மஞ்சளும் இருட்டு. வெளிர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனால் படத்தில் வெள்ளையாகி, துணியின் மடிப்பு, பின்னல் எதுவும் தெரியாது. நீலக் கண்கள் வெளிறிப்போய்ப் பிள்ளை பயந்ததுபோல இருக்கும். முகத்தில் செம்புள்ளி இருந்தால் கறுத்துத் தெரியும், அதற்கு மாற்று இல்லை. சிவப்பிலோ பழுப்பிலோ கட்டம் போட்ட துணி நல்லது.

1864 செப்டம்பர் தாண்டிப் போவதாக இருந்தால் கையில் இரண்டு மூன்று சென்ட் கூடுதலாக இருக்கட்டும். போர்ச் செலவுக்காகப் புகைப்படத்துக்கும் வரி போட்டுவிட்டார்கள்: 25 சென்ட் வரை உள்ள படத்துக்கு 2 சென்ட், 50 சென்ட் வரை 3 சென்ட், ஒரு டாலர் வரை 5 சென்ட். ஸ்டாம்பை அட்டையின் பின்புறம் ஒட்டி, ஸ்டுடியோக்காரர் தன் பெயரின் முதலெழுத்தும் தேதியும் எழுதி ரத்து செய்ய வேண்டும். 1866 ஆகஸ்டில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.